அமுக்காத பாட்டு

ஹாலில் மாமனாரைக் கிடத்தியிருக்க, உள்ளறையில் சுபாஷிணி லேப்டாப்பின் முன் உட்கார்ந்திருந்தாள். பாட்டு சி.டி.யில் மெதுவாக ஏறிக்கொண்டிருந்தது.

ஈர வேஷ்டியோடு கணவன் கௌஷிக் எட்டிப் பார்த்தான்.

"என்ன சுபா இது? வண்டி சரோஜினி நகர் தாண்டிடுத்தாம். ஜல்தி வெளில வா."

"அம்புஜம் மாமியோட சி.டி. அப்பா எல்லாம் சரிபண்ணி வச்சுட்டுத்தான் ராத்திரி படுத்துண்டிருக்கார். ஏத்தறதுதான் பாக்கி."

"இன்னிக்கா? பஜனை குரூப்ல அதே பாட்டு வந்திருக்கு. மாமி பிள்ளைக்கு வாட்ஸாப்ல தட்டிவிடு. யாருக்கு வித்யாசம் தெரியப் போறது? அப்பாவுக்கே தெரியாது."

அது உண்மைதான். கிட்வாய் நகர் குடியிருப்பின் வெள்ளிக்கிழமை பஜனையை மாமனார் ராமசுப்ரமணியன் உள்ளங்கை அளவு ரெக்கார்டரில் பதிவு செய்வார். முழங்கால் வலியால் பஜனைக்கு வர முடியாத அம்புஜம் மாமி வீட்டிலிருந்த பழைய பிளேயரில் கேட்பதற்காக, ஒலியைத் துளியும் அமுக்கிச் சுருக்காமல், இருப்பதிலேயே குறைந்த வேகத்தில் சி.டி. போட்டுக் கொடுப்பார். ஒருமுறை கௌஷிக் விளையாட்டாக, போனில் வந்த அமுக்கிய பதிவைக் கொண்டு ஒரு சி.டி. போட்டு, அவர் போட்டதுதான் என்று நீட்டினான். அவர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "பாத்தியா, ஜால்ரா சத்தம் எப்படி நின்னு அடங்கறது!" என்றார். கௌஷிக் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அவரும் சிரித்தார். ஆனால் அடுத்த வாரமும் அதே நிதானத்தோடு உட்கார்ந்துவிட்டார்.

ஏன்? சுபாஷிணிக்கு அது புரிந்ததே இல்லை. ஒருநாள் அவரிடமே கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்துவிட்டாள்.

தட்டு வெளியே வந்தது. சி.டி. வெதுவெதுப்பாக இருந்தது.

"சாவு வீட்டுலேர்ந்து சாமான் வாங்கிக்க மாட்டா மாமி. காய்கறிக்காரன் தொட்ட பையையே அலம்பறவா" என்றான் கௌஷிக்.

"வாங்கிக்கலேன்னா திரும்ப எடுத்துண்டு வந்துடறேன்."

கீழ்வீட்டு வாசலில் சுபாஷிணி எட்டியே நின்றாள். அம்புஜம் மாமி சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது.

"மாமி, அப்பா உங்களுக்குன்னு வச்சிருந்தது. தீட்டு. இங்க நிலைப்படியில வச்சுடட்டுமா?"

"கையில குடு."

"மாமி..."

"குடுடீ. குளிச்சுண்டாப் போச்சு. டெல்லியில தண்ணிக்குத்தான் பஞ்சம், மனுஷாளுக்குமா?"

மாமியின் விரல்கள் சி.டி.யோடு அவள் கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டன. சுபாஷிணி தயங்கிக் கேட்டாள்.

"மாமி, அமுக்கினதுக்கும் அமுக்காததுக்கும் வித்யாசம் உங்களுக்குத் தெரியுமா?"

"எனக்குத் தெரியும். சின்ன வயசுலேர்ந்து பாட்டுல ஊறின காதாச்சே. அவருக்குத்தான் தெரியாது. கௌஷிக் கேலி பண்ணினதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். 'அப்புறம் ஏன் இப்படிக் கஷ்டப்படறேள்?'னு கேட்டேன்."

"என்ன சொன்னார்?"

"'நைவேத்யத்தை ருசி பாத்துட்டா மாமி வைக்கறோம்? நம்ம நாக்குக்குத் தெரியறதோ இல்லையோ, உப்பும் நெய்யும் குறைக்கறதில்லையே'ன்னார்."

 தெருமுனையில் வண்டியின் ஹாரன் கேட்டது.

அவரைக் கீழே இறக்கினார்கள். படி திருப்பத்தில் கௌஷிக், "பையா, தீரே, தீரே" என்று தூக்கியவர்களை நிதானப்படுத்திக்கொண்டே வந்தான். முதல் மாடியைக் கடந்தபோது கீழ்வீட்டு ஜன்னல் திறந்தது. பிளேயரிலிருந்து பெண்களின் பஜனைக் குரல்கள் எழுந்தன. பின்னால் யாரோ தாளம் தப்பினார்கள், சேர்ந்துகொண்டார்கள்.

சாவு வீட்டில் பாட்டா என்று யாரோ முணுமுணுத்தார்கள். கௌஷிக் தோளில் பாரத்தோடு அப்படியே நின்றான்.

வாசலில் வண்டி உறுமிக்கொண்டிருந்தது. டிரைவர் ஜன்னலைப் பார்த்தான், படியில் நின்றவர்களைப் பார்த்தான். கையை நீட்டிச் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தான்.

ஜால்ரா ஒருமுறை ஒலித்து, நின்று, மெல்ல அடங்கியது.