மூன்று வேளை அக்கறை

லிஃப்ட் மெக்கானிக் வெளியூர் வேலைக்குப் போய் மூன்று வருடம் ஆகியிருந்தது. மனைவிக்கு ஒரு வேளைகூடச் செய்தி தவறியதில்லை. காலையில், "எந்திரிச்சியா தங்கம்?" மதியம் சரியாக ஒரு மணிக்கு, "நீ பக்கத்துல இல்லாம சாப்பாடு எறங்கல." இரவில் ஒரு முத்தம். அவன் தங்கை இதையே சொல்லிச் சொல்லித் தன் புருஷனைக் குத்திக்கொண்டிருந்தாள்.

மனைவி பள்ளிச் சீருடை தைக்கும் கடையில் வேலை பார்த்தாள். ஒரு மணிக்குப் போன் சிணுங்கினால் மெஷினை நிறுத்திவிட்டுப் பத்து வரி பதில் போடுவாள். கடைக்கார அம்மா முகத்தைச் சுளிப்பாள். அவனிடமிருந்து திரும்பி வருவது ஒரு கட்டைவிரல் படம். பல நாள் அதுவும் வராது. குடல்வால் ஆபரேஷன் முடிந்து கண் விழித்தபோதுகூட அந்தச் செய்தி வந்திருந்தது. பாவம், மனுஷன் பட்டினி கிடக்கிறாரே என்று தையல் வலிக்க வலிக்க அழுதாள்.

லீவில் வந்தான். மூன்றாம் நாள் மதியம், தங்கையும் வந்திருக்க, தட்டில் மூன்றாம் முறை சோறு வாங்கிப் பிசைந்துகொண்டிருந்தான். மனைவியின் போன் சிணுங்கியது.

"யாருடி அது?" என்றான், வாய் நிறைய.

அவள் எடுத்துப் பார்த்தாள். பிறகு சத்தமாகவே படித்தாள். "நீ பக்கத்துல இல்லாம சாப்பாடு எறங்கல."

தங்கை அண்ணன் தட்டைப் பார்த்தாள். அண்ணன் கூரையைப் பார்த்தான்.

"அது... போன்ல நேரம் வெச்சுட்டா மெசேஜ் தானா போயிடும். வேலை மும்முரத்துல மறந்துடக் கூடாதுல்ல? எல்லாம் உனக்காகத்தான்."

"எப்பலேர்ந்து?"

"நான் வேலைக்குப் போன ரெண்டாவது மாசத்துலேர்ந்து."

"என் ஆபரேஷன் அன்னிக்கு வந்தது?"

"அன்னிக்கும் கரெக்டா வந்துச்சுல்ல?" அவன் முகம் மலர்ந்தது. "அதான் அதுல இருக்கற வசதி."

மூன்று வருடம் ஒரு கடிகாரத்தோடு குடும்பம் நடத்தியிருக்கிறோம் என்று அவளுக்குப் புரிந்தது. கோபம் வரவில்லை. கோபப்படுவதற்கும் எதிரில் ஓர் ஆள் வேண்டும்.

"இன்னும் கொஞ்சம் போட்டுக்கங்க," என்றாள். "எறங்காம கஷ்டப்படுறீங்களாமே."

அதற்கும் தட்டை நீட்டினான்.

"அண்ணே, உனக்கு வெக்கமா இல்ல?" என்று தங்கை எழுந்து கை கழுவப் போனாள்.

அவன் வேலைக்குத் திரும்பிய பிறகு செய்திகள் வந்துகொண்டுதான் இருந்தன. அவள் எதையும் திறக்கவில்லை. மெஷினும் நிற்கவில்லை. பன்னிரண்டாம் நாள் அவனே கூப்பிட்டான்.

"ஏன் பதிலே காணோம்? உடம்பு ஏதும் சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன். வெச்சிடறேன், அளவு குடுக்க ஆள் நிக்கிறாங்க."

கடையில் அப்போது ஒருவரும் இல்லை.