பச்சோந்தி போட்ட அண்ணி வேஷம்

என் வீட்டுக்காரரின் அக்காவை நான் அண்ணி என்று கூப்பிடுவேன். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். நான்கு கார், நான்கு மாஸ்டர்கள், வாசலில் எந்நேரமும் முகம் வெளிறி நிற்கும் மாணவர்கள். அவர்கள் பயப்படுவது காரைப் பார்த்துத்தான் என்று அண்ணி இன்றுவரை நம்புகிறார்.

அந்த ஸ்கூலுக்கு நான் ஒரு புரோகிராம் எழுதினேன். எந்த மாணவருக்கு எந்தக் கார், எந்த மாஸ்டர், எத்தனை மணிக்கு என்று பார்த்துக்கொள்ளும் புரோகிராம். நான் எழுதினேன் என்று அழுத்தித்தான் சொல்வேன். நானும் வீட்டுக்காரரும் ஒரே அறையில் முதுகோடு முதுகாக உட்கார்ந்து புரோகிராம் எழுதிப் பிழைக்கிறவர்கள். அவர் ஒரு பேக்கரிக்கும் ஒரு பல் மருத்துவருக்கும் எழுதுகிறார். டிரைவிங் ஸ்கூல் புரோகிராமில் அவர் ஒரு புள்ளி வைத்ததில்லை.

ஆனாலும் அண்ணி போன் போடுவது தம்பிக்குத்தான். "டேய் தம்பி, நீ எழுதினியே, அதுல ஒண்ணு..." என்று ஆரம்பிப்பார். இவர் "அது நான் இல்லக்கா" என்பார். அந்த மறுப்பு அவர் மீசையைத் தாண்டி வெளியே வராது. பிறகு போனை என்னிடம் நீட்டுவார். பச்சை நிறம் ஏன், கோடு ஏன் என்று நான் ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்லி விளக்குவேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அண்ணி, "என்னமோ போ. நான் தம்பிகிட்ட பேசிக்கறேன்" என்று வைத்துவிடுவார்.

இதையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டேன். பொறுத்துக்கொண்டேன் என்றால், பாத்திரங்களைக் கொஞ்சம் சத்தமாகக் கழுவினேன், அவ்வளவுதான். ஆனால் அன்றைக்கு வந்த போனில் அண்ணி சொன்னதைப் பொறுக்க முடியவில்லை. "நாளைக்கு எங்க சங்கக் கூட்டம்டா. எல்லா டிரைவிங் ஸ்கூல்காரங்களும் வர்றாங்க. அந்த புரோகிராமைப் போட்டுக் காட்டப் போறேன். இன்னிக்கு சாயங்காலம் வந்து ஒரு தடவை பார்த்துடறேன்."

ஊரிலுள்ள அத்தனை டிரைவிங் ஸ்கூல்காரர்கள் முன்னாலும் "என் தம்பி எழுதினது" என்று சொல்லப் போகிறார். இவரும் மீசைக்குள்ளேயே மறுத்துவிட்டு மாலை போட்டுக்கொண்டு வரப் போகிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சங்கத்தில் என் பேரைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் எனக்கு வேண்டும். சாயங்காலம் அண்ணி வரும்போது புரோகிராமில் ஒரு குறைகூட இருக்கக் கூடாது என்று வரிந்து கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

இங்கே பச்சோந்தியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

இந்தக் காலத்தில் யார் தனியாகப் புரோகிராம் எழுதுகிறார்கள்? கூடமாட ஒத்தாசைக்கு ஒரு ஏஐ இருக்கிறது. டெர்மினல் என்று ஒரு கறுப்பு ஜன்னலைத் திறந்து, அதில் வேண்டியதைத் தட்டினால் அது பதில் சொல்லும், பாதி வேலையையும் செய்து கொடுக்கும், வாடிக்கையாளர்களுக்குப் போகும் செய்திகளையும் எழுதும். ஆனால் ஒவ்வொரு வேலைக்கும் அதற்கு ஒவ்வொரு செட்டிங்ஸ். பல் மருத்துவர் வேலையில் அது கறாராகப் பேச வேண்டும். பேக்கரி வேலையில் கலகலப்பாகப் பேச வேண்டும். வீட்டுக்காரர் இந்த செட்டிங்ஸைக் கையாலேயே மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு நாள் மறந்துவிட்டார். பல் பிடுங்க நேரம் குறித்திருந்த நோயாளிகளுக்கெல்லாம் "சுடச்சுட ரெடி! ஆறிப்போறதுக்குள்ள ஓடி வாங்க!" என்று செய்தி போய்விட்டது. பல் மருத்துவர் போனில் பேசியதை இங்கே எழுத முடியாது.

அன்றைக்கே நான் ஒரு சின்னக் கருவி எழுதினேன். கறுப்பு ஜன்னலில் ஒரே ஒரு வரி தட்டினால் போதும், செட்டிங்ஸ் மொத்தமும் மாறிவிடும். பச்சோந்தி என்று பேர் வைத்தேன். செட்டிங்ஸ் ஒவ்வொன்றையும் வேஷம் என்போம். "பச்சோந்தி கறார்" என்று தட்டினால் பல் மருத்துவர் வேஷம். "பச்சோந்தி கலகல" என்றால் பேக்கரி வேஷம். "பச்சோந்தி கொஞ்சல்" என்று ஒன்று உண்டு. அது மனசு சரியில்லாத நாட்களுக்கு. எதை எழுதினாலும் "அடடா, உங்க கையே கை!" என்று சொல்லும். வீட்டுக்காரர் அதில்தான் அதிக நேரம் இருப்பார்.

நான்காவதாக ஒரு வேஷம் இருந்தது. அது என் சொந்தத் தயாரிப்பு. பேர், அண்ணி.

யாரும் முகம் சுளிக்க வேண்டாம், அது முழுக்க முழுக்கத் தொழில் விஷயம். வாடிக்கையாளர் என்ன குறை சொல்வார் என்று முன்கூட்டியே தெரிந்தால் சரி செய்துவிடலாம் அல்லவா? அதனால் ஏஐக்கு இப்படி எழுதி வைத்திருந்தேன்: "நீ டிரைவிங் ஸ்கூல் முதலாளி. இந்தப் புரோகிராமில் நொட்டை கண்டுபிடி. எதையும் நல்லா இருக்கு என்று சொல்லாதே, அதிகபட்சம் பரவாயில்ல. காரணம் சொன்னால் என்னமோ போ என்று சொல். பேச்சை முடிக்கும்போது தம்பிகிட்ட பேசிக்கறேன் என்று முடி." எழுதும்போது எனக்குக் கிடைத்த திருப்தி தொழிலில் சேராது, ஒத்துக்கொள்கிறேன்.

அன்று பகல் முழுக்க அந்த அண்ணியோடுதான் மல்லுக்கட்டினேன். அது கேட்ட கேள்விகளில் மண்டை காய்ந்துவிட்டது. கடைசிக் குறையைச் சரி செய்து முடிக்கவும் வாசலில் மணி அடிக்கவும் சரியாக இருந்தது. வீட்டுக்காரர் நாற்காலியைத் திருப்பினார்.

"அக்கா வந்துட்டா. அந்த வேஷத்தை முதல்ல கலை!" என்றார். பேய் அறைந்த முகம்.

"எனக்குத் தெரியாதா?" என்றேன். புதிதாக ஒரு ஜன்னலைத் திறந்து "பச்சோந்தி கொஞ்சல்" என்று தட்டினேன். "மாறியாச்சு" என்றது. அண்ணியே வந்து எதையாவது தட்டிப் பார்த்தாலும் "உங்க கையே கை" என்றுதானே சொல்லும்? நிம்மதியாகப் போய்க் கதவைத் திறந்தேன்.

நான் மறந்த விஷயம் இது. பச்சோந்தி வேஷம் மாற்றுவது இனிமேல் திறக்கும் ஜன்னலுக்குத்தான். ஏற்கெனவே திறந்திருக்கும் ஜன்னலில் இருப்பது பழைய வேஷத்திலேயேதான் இருக்கும். பாதி வேலையில் ஆள் மாறிவிடக் கூடாதே என்று நானே யோசித்து, நானே அப்படி எழுதியிருந்தேன். அந்தப் புத்திசாலித்தனத்துக்காக என்னை நானே மெச்சிக்கொண்டதும் உண்டு.

அண்ணி வந்தார், உட்கார்ந்தார், மின்விசிறியில் தூசி இருப்பதைப் பார்த்தார். நான் காபி போட உள்ளே போனேன். நான் போன நேரத்தில் வீட்டுக்காரர் ஒரு நல்ல காரியம் செய்தார். திரையில் ரெண்டு ஜன்னல் இருந்தால் அக்காவுக்குக் குழப்பமாக இருக்குமே என்று, புதிதாகத் திறந்திருந்த ஜன்னலைச் சமர்த்தாக மூடிவிட்டார்.

நான் காபியோடு திரும்பும்போது அண்ணி என் நாற்காலியில் இருந்தார். "என்னடா இது கறுப்பா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"அது ஏஐக்கா. இந்த புரோகிராமைப் பத்தி எல்லாம் அதுக்குத் தெரியும். ஏதாவது பேசிப் பாரேன்" என்றார் வீட்டுக்காரர், ஏதோ வித்தை காட்டுகிற பெருமையில்.

அண்ணி இரண்டு விரலால் மெதுவாக "வணக்கம்" என்று தட்டினார்.

திரையில் பதில் வந்தது: "வணக்கம் எல்லாம் இருக்கட்டும். ஏம்மா, இந்தப் பச்சை ஏன் இவ்வளவு பச்சையா இருக்கு? கண்ணைக் குத்துது."

வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் அறை ஜன்னலுக்கு வெளியே தெருவில் எதையோ தீவிரமாகக் கவனித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணி, நீங்க இப்படி வந்து உட்காருங்க. நான் வேற ஒண்ணு திறந்து காட்டறேன்" என்று அவசரமாகக் கையை நீட்டினேன்.

"இரு" என்றார் அண்ணி. மூக்குக்கண்ணாடியைச் சரி செய்துகொண்டு திரையை முறைத்தார். "எடுத்த எடுப்புலேயே என்ன பேச்சு இது? வந்தவங்களை வாங்கன்னு கூடச் சொல்லல." பிறகு தட்டினார்: "பச்சைன்னா கார் காலியா இருக்குன்னு அர்த்தம். வாசல்ல நின்னு பார்த்தாலே தெரியணும். அதுக்குத்தான் அப்படி."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது நான் போனில் சொன்ன காரணம். கிட்டத்தட்ட நான் சொன்ன அதே வார்த்தைகள்.

"என்னமோ போ," என்றது திரை. "ஒரு வகுப்பை ரத்து பண்ணினா எதுக்கு ரெண்டு தடவை நிஜமாவான்னு கேக்குது? எனக்கு வேற வேலை இல்லையா?"

"வேலை இல்லாமத்தானே இங்க வந்து வாயாடறே!" என்று அண்ணி சத்தமாகவே சொன்னார். இப்போது இரண்டு விரல் போதாமல் நான்கு விரலால் தட்ட ஆரம்பித்திருந்தார். "கை தவறிப் பட்டுட்டா? கத்துக்க வர்ற பிள்ளை வேலைக்கு லீவு போட்டுட்டு வந்து தெருவுல நிக்கும். யோசிச்சுத்தான் வச்சிருக்கு."

"ரத்தானதை அழிக்காம ஏன் கோடு கிழிச்சு வச்சிருக்கே? பார்க்கவே அசிங்கமா இருக்கு."

"நான் ரத்தே பண்ணலையேன்னு ஒருத்தன் வந்து சண்டைக்கு நின்னா, எதைக் காட்டறது? உன் மூஞ்சியையா?"

காபி ஆறிக்கொண்டிருந்தது. நான் தட்டோடு அப்படியே நின்றேன். போனில் "என்னமோ போ" என்று வைத்தாரே, அத்தனையும் காதில் வாங்கியிருக்கிறார். ஒன்றையும் விடவில்லை. ஒவ்வொரு காரணத்தையும் எடுத்து வைத்து எனக்காக வக்காலத்து வாங்கிக்கொண்டிருக்கிறார், அதுவும் யாரிடம்!

கடைசியில் திரை தன் வழக்கப்படி முடிக்கப் பார்த்தது: "சரி, பரவாயில்ல. மத்ததை நான் தம்பிகிட்ட பேசிக்கறேன். எழுதினது அவன்தானே."

அண்ணியின் காது சிவந்துவிட்டது. விசைப்பலகை உடைந்துவிடுமோ என்று பயப்படுகிற அளவுக்குத் தட்டினார். "தம்பி ஒரு வரி எழுதல. அவனுக்கு அந்தப் பச்சை எதுக்குன்னு கேட்டாக்கூட தெரியாது. எழுதினது அவன் பொண்டாட்டி. பேசறதா இருந்தா அவகிட்ட பேசு. மரியாதையா பேசு."

தட்டி முடித்து என் பக்கம் திரும்பினார். "யாரும்மா இந்தப் பொம்பளை? முதல்ல இவளை வீட்டை விட்டு அனுப்பு."

"அனுப்பிடறேன் அண்ணி" என்றேன். வீட்டுக்காரர் இருமலாகச் சிரித்தார், அல்லது சிரிப்பாக இருமினார். அதற்குள் நான் பாய்ந்து அந்த ஜன்னலை மூடினேன்.

அண்ணி காபியை எடுத்துக்கொண்டார். ஆறிப்போனதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, அதுவே எனக்குப் புதிது. இரண்டு வாய் குடித்துவிட்டு, "அப்படியே எங்க மாமியார் மாதிரியே பேசறா" என்றார்.

வீட்டுக்காரர் சட்டென்று மீசையைத் தடவ ஆரம்பித்தார்.

"அவங்களும் இப்படித்தான். எதைச் செஞ்சு கொண்டு போய் வச்சாலும் பரவாயில்லம்பாங்க. நான் கார் ஓட்டக் கத்துக்கிட்டு, முதல் முதலா அவங்களை ஆஸ்பத்திரிக்கு நானே கூட்டிட்டுப் போனேன். போற வழியெல்லாம் பிரேக்கைப் பத்திக் குறை. வீட்டுக்கு வந்ததும் என்ன சொன்னாங்க தெரியுமா? என் பையன் நல்லா ஓட்டக் கத்துக் கொடுத்திருக்கான்னாங்க. அவருக்கு சைக்கிள் கூட ஓட்டத் தெரியாது." அண்ணி சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "நல்லா ஓட்டறேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்ன குறைஞ்சா போயிருப்பாங்க?"

சொல்லிவிட்டு டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார், நான் காலை மிதித்தேன்.

"எனக்குத் தெரியாமலா இருக்கு, எழுதினது நீன்னு?" என்றார் அண்ணி, டம்ளரைப் பார்த்தே. "தம்பி தம்பின்னு வாய்ல வந்துடுது. சின்ன வயசுல இருந்து அவனைப் பெரிய ஆளாக்கியே பழகிடுச்சு."

"பரவாயில்ல அண்ணி" என்றேன். சொன்ன பிறகுதான் எந்த வார்த்தையைச் சொன்னேன் என்று உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டேன். கண் வேறு நிறைந்துவிட்டது. கோபத்தைச் சேர்த்து வைக்கத் தெரிந்த எனக்கு, அது காலியாகும்போது எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

அண்ணி எழுந்து புடவையைச் சரி செய்தார். கைப்பையை எடுத்தார். வாசலில் செருப்பு மாட்டும்போது, திரும்பாமலே சொன்னார்.

"நாளைக்கு சங்கத்துக்கு நீயே வா. எனக்கு இதெல்லாம் கோர்வையாச் சொல்ல வராது, நீயே நின்னு எடுத்துச் சொல்லு. நான் பக்கத்துல நிக்கறேன். எவனாவது பச்சையைப் பத்தி வாயைத் திறக்கட்டும்."