முத்துவடிவின் கொட்டகைக்கு எத்தனை வாசல்

ஓவர்சியர் ஆறுமுகநயினார் விடிந்ததும் எழுந்தார். பல் தேய்த்தார். அடுப்பைப் பற்றவைத்து இரண்டு தம்ளர் காப்பி போட்டார். மனைவி போய் ஒரு வருஷமாகியும் கை அளவை மாற்றிக்கொள்ளவில்லை. ஒன்றைக் குடித்தார். பிறகு மற்றதையும் குடித்தார். சட்டை, கோட்டு, குடை. கதவைப் பூட்டினார். சைக்கிளில் ஏறித் தென்காசியிலிருந்து குற்றாலத்துக்கு மிதித்தார்.

யுத்தம் முடிந்த மறு வருஷம் அது. டெல்லியில் சில பெரியவர்கள் உட்கார்ந்து, தேசம் முழுக்க எல்லாக் கட்டடத்துக்கும் ஒரே விதி எழுதப் புறப்பட்டிருந்தார்கள். சுவர் எவ்வளவு கனம், வாசல் எவ்வளவு அகலம், தீப்பிடித்தால் ஜனங்கள் எப்படி வெளியேறுவது என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தார்கள். ஓலைக் கொட்டகை மட்டும் அவர்களுக்குப் பிடிபடவில்லை போலிருக்கிறது. விதிகளின் நகலை ஊர் ஊராக அனுப்பி, சோதித்துப் பார்த்து யோசனை சொல்லுங்கள் என்றார்கள். இந்தப் பக்கத்துக்கு அந்த வேலை ஆறுமுகநயினார் தலையில் விழுந்தது.

சோதிக்க அகப்பட்டது முத்துவடிவின் நாடகக் கொட்டகை. ஐந்தருவிக்குப் போகிற பாதையில் சீசனுக்குச் சீசன் போடுவாள். நாற்பதைத் தாண்டியவள். அவள் குரலுக்கு வில்வண்டி மாடு ஒதுங்கும். சுரண்டையிலிருந்து ஒரு நாடகக் கம்பெனியை வரவழைத்து வைத்திருந்தாள். வெள்ளிக்கிழமைக்குள் அனுமதி வராவிட்டால் கம்பெனி கடையத்துக்கு வண்டி கட்டிவிடும். அப்புறம் அந்தச் சீசன் முழுக்க அவளுக்கு வெறும் கொட்டகைதான் மிச்சம்.

அனுமதி தர வேண்டியவர் ஆவுடையப்பன். குற்றாலத்துக் கூட்டத்தை மேய்ப்பதற்கென்று அந்த வருஷம் போட்டிருந்த சீசன் ஆபீசர். "நாடகக் கொட்டகைப் பக்கம் நான் தலைவைத்தும் படுக்க மாட்டேன். உத்தியோகத்துக்கு அது அழகல்ல. நீர் பார்த்து எழுதும், அப்புறம் யோசிக்கலாம்" என்று ஓவர்சியரிடம் சொல்லிவிட்டார்.

"வாங்க சார். நீங்க கேட்ட வாளி எல்லாம் வரிசையா தொங்குது பாருங்க" என்றாள் முத்துவடிவு.

வாளிகள் இறவாணத்தில், கூரை ஓலையின் விளிம்போரமாகத் தொங்கின. தினமும் தண்ணீர் நிரப்ப வேண்டும் என்றது நகல். குற்றாலத்துச் சாரலில் அவை தாமாக நிரம்பின. கொட்டுவதற்குத்தான் ஆள் வேண்டியிருந்தது. மணல் வாளியிலும் தண்ணீர்தான் நின்றது. நடுவில் ஒரு கொக்கி காலியாக இருந்தது.

"இந்த வாளி எங்கே?"

"ராஜபார்ட்டு குளிக்கக் கொண்டு போயிருக்காரு."

ஆறுமுகநயினார் சிரிக்கவில்லை. சிரித்து நாளாயிற்று. "வாசல் ஒன்றுதானா?"

"ஒண்ணுதான். அதுல நான் இருக்கேன்."

"இன்னும் ரெண்டு வைக்க வேண்டியிருக்கும்."

"அதுல யாரு இருக்கது? தீ என்னைக்கோ ஒரு நாள் வரும் சார். ஓசிக்காரன் தெனமும் வாரான்."

அவர் நகலைப் புரட்டினார். ஒரு காய்ந்த கீற்றைக் கொளுத்தி வெளியே இரும்புச் சட்டியில் வைப்பது, மணி அடிப்பது, கீற்று எரிந்து முடிவதற்குள் உள்ளே இருப்பவர்கள் எல்லாரும் வெளியே வந்துவிட வேண்டும். அதுதான் சோதனை என்றார். அன்று மத்தியானம் கம்பெனிக்கு நாடக ஒத்திகை. முத்துவடிவு ஊரைக் கூட்டிக் கொட்டகையை நிரப்பினாள். கீற்றையும் அவளே எடுத்து வந்தாள். அதிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"இது எப்படி எரியும்?"

"எரியாது. சீசன்ல எங்க கீத்து இப்படித்தான் இருக்கும். கோடையில இங்க ஏது நாடகம்?"

ஓவர்சியர் உள்ளே போனார். பெட்ரோமாக்ஸ் விளக்குத் தொங்கிய இடத்துக்கு மேலே கையை நீட்டிக் கூரையிலிருந்து ஒரு பிடி ஓலை உருவினார். அப்பளம் போல நொறுங்கியது. அவள் முகம் முதல்முறையாகச் சுருங்கியது.

அந்த ஓலையைச் சட்டியில் போட்டுக் கொளுத்தினார். அது திகுதிகுவென்று பிடித்தது. மணி அடித்தது. உள்ளே ஒருத்தரும் அசையவில்லை. அழுத பிள்ளைகளின் வாயைத் தாய்மார்கள் பொத்தினார்கள். முன்வரிசைக்காரர்கள் சம்மணத்தைச் சரிசெய்து கொண்டார்கள். நாடகக் கொட்டகையில் மணி அடித்தால் திரை தூக்கப் போகிறார்கள் என்றல்லவா பொருள்!

"ஏலே, எந்திரிச்சி வெளிய ஓடுங்கலே! தீயி!" என்று முத்துவடிவு கத்தினாள்.

"யாரு வேஷம் தீயி?" என்று ஒருவன் கேட்டான்.

ஒருவழியாக எழுந்தார்கள். வாசல் வரைக்கும் வேகமாகத்தான் வந்தார்கள். வெளியே சாரல். முதலில் வந்தவர் வாசலில் நின்று, நிதானமாகக் குடையை விரித்தார். பின்னால் வந்தவரும் விரித்தார். ஒரு குடையின் கம்பி இன்னொரு குடைக்குள் மாட்டியது. "என்னவே, கண்ணுல குத்துதீரு?" "நீரு மொதல்ல மடக்கும்வே!" ஓலை எரிந்து சாம்பலாகிச் சாம்பலும் நனைந்தது. கொட்டகையில் பாதி ஜனம் உள்ளேதான் இருந்தது.

"எழுத முடியாதும்மா" என்றார் ஓவர்சியர்.

அவள் கெஞ்சவில்லை. இடுப்பில் கை வைத்து அவரையே பார்த்தாள். "நெசத் தீயா இருந்தா அம்புட்டுப் பேரும் போயிருப்பாவளோ?"

"பாதிப் பேர்."

அவள் இடுப்பிலிருந்து கையை எடுத்தாள். "என்ன செய்யணும், சொல்லுங்க."

பக்கத் தட்டிகளை இறுகக் கட்டாமல், இழுத்தால் அவிழும் முடிச்சாகப் போட்டு, எல்லா முடிச்சையும் ஒரே கயிற்றில் கோர்த்துவிடலாம் என்றார். கயிற்றை இழுத்தால் இரண்டு பக்கமும் வாசல்தான். குடையை எங்கே வேண்டுமானாலும் விரிக்கலாம்.

"உள்ள இருக்கவன் மச்சினன உள்ள விடுததுக்கு இழுத்துருவானே!"

"கயிற்று நுனி உன் கையில் இருக்கட்டும்."

அது அவளுக்குப் பிடித்தது. அன்று பொழுது சாய்வதற்குள் தட்டிகளை அவிழ்த்துக் கட்டினார்கள். மறுநாள் காலை ஓவர்சியர் மறுபடி வந்தார். ஒத்திகை நடந்தது. ஊர் மறுபடி கூடியது. ராஜபார்ட்டு இரண்டு கையையும் விரித்து உச்சஸ்தாயியில் நின்றபோது, சட்டியில் காய்ந்த ஓலை பற்றிக்கொண்டது. இந்தத் தடவை மணி அடிக்கவில்லை. முத்துவடிவு கயிற்றை ஒரு இழு இழுத்தாள்.

தட்டிகள் வரிசையாக, சலசலவென்று நின்ற இடத்திலேயே கீழே சரிந்தன. ஜனம் இரண்டு பக்கமும் கொட்டியது. ஓலை பாதிகூட எரியவில்லை. கொட்டகையில் ராஜபார்ட்டு மட்டும் விரித்த கையோடு நின்றார்.

ஆனால் யாரும் அவரைப் பார்க்கவில்லை. விழுந்த தட்டிகளுக்கு அந்தப் பக்கம், இறவாணத்தின் கீழே, ஓசிக்காரர்கள் வரிசையாகக் குனிந்து நின்றார்கள். ஓலைச் சந்தில் கண் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள், சந்து போன பிறகும் நிமிர மறந்திருந்தார்கள். நடுவில் ஒருவர், தலை முதல் கால் வரை நல்லெண்ணெய் பளபளக்க, அருவிக்குப் புறப்பட்ட கோலத்தில், கோவணத்தோடு நின்றார். ஒற்றைக் கண்ணை இன்னும் மூடியே வைத்திருந்தார்.

"ஏலே, சீசன் ஆபீசருல்லா!"

"சார்வாள், எண்ணெ ஊறிட்டா? அருவி அங்கன இருக்கு!"

ஆவுடையப்பன் மற்றக் கண்ணையும் திறந்தார். கீழே கிடந்த தட்டியைத் தூக்கி முன்னால் பிடித்துக்கொண்டார். தலை மட்டும் தெரிந்தது. "ஓவர்சியர்! எல்லாத் தட்டியையும் தூக்கிக் கட்டச் சொல்லும்வே!"

"கட்டலாம் சார். எல்லாரும் வெளியே வந்துவிட்டார்களா என்று சரிபார்த்த பிறகுதான் கட்ட வேண்டும் என்று விதி."

"எந்த விதி? நகல்ல அப்படி இல்லையே!"

"இப்பத்தான் எழுதுதேன் சார்" என்று ஆறுமுகநயினார் பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டார். முகத்தில் ஒரு கோடும் அசையவில்லை. நிதானமாக எழுதினார். எழுதியதை ஒருமுறை வாசித்துப் பார்த்தார். கூட்டம் இரண்டு பக்கமும் நெருங்கியது.

"அனுமதி தந்தாச்சுவே! பேப்பரக் கொண்டாரும்!"

அந்த முடிச்சைப் பற்றி ஓவர்சியர் அன்றே யோசனை எழுதி அனுப்பினார். டெல்லியில் அதை வைத்துக்கொண்டார்களா, தள்ளினார்களா என்று தகவல் இல்லை. கம்பெனி கடையத்துக்குப் போகவில்லை. அன்றைக்கு முத்துவடிவு ஆபீசரிடம் என்ன சொன்னாள் என்பதில்தான் ஊர் இரண்டுபட்டது. டிக்கெட் கேட்டாள் என்றார்கள் சிலர். மற்றவர்கள் கணக்கில், முன்வரிசையில் நாற்காலி போட்டுத் தருகிறேன் என்றாளாம். அருகில் நின்று காதால் கேட்டவர் ஓவர்சியர்தான். அவள் பேப்பரைத் தட்டியின் மேல் விரித்துப் பிடித்தாள், பேனாவை ஆபீசர் விரலில் சொருகினாள், குரலைத் தணித்துக்கொண்டு சொன்னது இதுதான்:

"ஒத்தக் கையால போட்டாப் போதும் சார். தட்டிய மட்டும் விட்டுறாதிய."