தூலிக்கியின் தொப்பி

பின்லாந்தின் குவோபியோவில், உறைந்த ஏரியில் வெட்டிய குழிக்குள் இறங்கும் ஏணியின் முதல் படியில் ஒரு காலை வைத்தபடி ரைலி நின்றுகொண்டிருந்தாள். காலில் கம்பளிக் காலுறை, தலையில் கம்பளித் தொப்பி, நடுவில் நீச்சலுடை. எழுபத்தேழு வயதிலும் குளிர்காலம் வந்தால், உடம்புக்கு நல்லதென்று ஐஸ் தண்ணீரில் முங்க இதே வேஷம்தான். இன்றைக்கு மட்டும் கால் இறங்க மாட்டேன் என்று அடம்பிடித்தது.

எப்படி இறங்கும்? போன வாரம் தோழி தூலிக்கி போய்ச் சேர்ந்துவிட்டாள். சர்க்கரையை வாயில் வைக்காதவள், கைக்கோல்களை ஊன்றிக் காடு முழுக்க நடந்தவள், தினமும் முதல் ஆளாக வந்து குழிமேல் படிந்த மெல்லிய ஐஸை உடைத்து இறங்கியவள். "நம்ம எல்லாரையும் வழியனுப்பிட்டுத்தான் இவ போவா" என்று ஊரே சொல்லும். அவள் டிவி ஓடிக்கொண்டிருக்க சோபாவிலேயே செத்துக் கிடந்தாள். பின்னால் கரையில் இந்த இர்மாவோ எண்பத்திரண்டு வயதிலும் சிகரெட்டும் ஏலக்காய்ப் பன்னுமாகக் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கிறாள். சவுனா என்ற நீராவி அறையில் சூடு ஏற்றிக்கொள்வாளே தவிர, தண்ணீரில் கால் நனைத்ததில்லை. தனியாக யாரும் இறங்கக் கூடாது என்பதால் கரையில் காவல் இருப்பாள், அவ்வளவுதான்.

அப்படியென்றால் இவ்வளவு பாடும் எதற்கு? இறங்கினால் நெஞ்சு நின்றுவிடுமோ? இறங்காவிட்டால் சோபாவில் நிற்குமோ? ரைலிக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

திரும்பிப் பார்த்தவளுக்குப் பகீரென்றது. இர்மாவின் தலையில் தூலிக்கியின் சிவப்புத் தொப்பி! உடைமாற்றும் அறையில் அது தொங்கிய ஆணியை இத்தனை நாளும் யாரும் தொடவில்லை.

"அடிப்பாவி! செத்தவ தொப்பியையா மாட்டியிருக்கே?"

"காது குளிருதுடி. அது சும்மாதானே தொங்குச்சு."

"உனக்குப் பயமே கிடையாதா?"

"எனக்கா? லைட்ட அணைக்காமத்தான் தூங்குறேன்."

"தூலிக்கிக்குப் பயம்னா என்னன்னே தெரியாது."

இர்மா பன்னை மெல்லுவதை நிறுத்தினாள். "யாரு சொன்னா? நீங்கல்லாம் வர்றதுக்கு முன்னாடி, இதே ஏணியில நின்னு தினமும் கேப்பா. 'இர்மா, நான் மேல வர்ற வரைக்கும் என்மேலேருந்து கண்ண எடுக்காதே'ன்னு. நானும் எடுத்ததில்ல. வீட்டுலதான் பாக்க ஆளில்லாமப் போச்சு."

ரைலிக்குக் கோபம் வந்தது, அழுகையும் வந்தது, எது யார்மேல் என்று தெரியவில்லை. குழியில் மறுபடி ஐஸ் படியத் தொடங்கியிருந்தது. குதிகாலால் ஓங்கி உடைத்தாள்.

"இர்மா…"

"பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். இறங்குடி."

தண்ணீர் கழுத்துக்கு வந்தது. மூச்சு அடைத்தது, பிறகு வந்தது. மேலே வெள்ளை வானத்தில் அந்தச் சிவப்புத் தொப்பி. அதன் கீழே இர்மா, கையில் பாதிப் பன்னோடு, கடிக்காமல், இமைக்காமல்.