கிழங்குக்கு இன்னும் பன்னிரண்டு நாள்

திங்கட்கிழமை சுமியாத்தி வந்ததும் வராததுமாக இரண்டு விரலைச் சேர்த்துக் காட்டினாள். "வெடிப்பு இவ்வளவுக்கு வந்திட்டுதாம், அக்கா." எங்களுக்கு முன்னால் அறுபது கிலோ உருளைக்கிழங்கு கிடந்தது. பிராங்பேர்ட்டில் வங்கிக்காரர் சாப்பிடுகிற கன்ரீன் அது. தோலை மெஷின் சீவிவிடும். கிழங்கில் மிஞ்சுகிற கண்ணைத் தோண்டுவதற்குத்தான் நாங்கள் இருவரும் காலை ஆறரைக்கே வந்து நிற்போம்.

சுமியாத்தி ஜாவாக்காரி. வொனொசோபோ மலைப்பக்கம் ஊர். யாரோ ஒரு பணக்காரக் குடும்பத்தின் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வந்தவள், அவர்கள் திரும்பிப் போக இங்கேயே நின்றுவிட்டாள். புருசன் வார்த்தோவும் ஒன்பது வயது மகளும் ஊரில் கிழங்குத் தோட்டம் செய்கிறார்கள். நாங்கள் கதைப்பது உடைந்த டொச் மொழியில். அதை என் தமிழில் சொல்கிறேன். 'அக்கா' மட்டும் அவள் என்னிடம் பழகிய சொல்.

முந்தி அவர்களுடைய வீட்டுக்கு மேலே மலை முழுக்க மரமாம். அயலவர்கள் தறித்துவிட்டுக் கிழங்கு போட, இவளும் போனில் 'நாங்களும் தறிப்பம்' என்று சொல்லியிருக்கிறாள். இப்போது உச்சிவரை பாத்தி. கிழங்குக்குத் தண்ணீர் தேங்கக்கூடாது என்று பாத்தியை மேலிருந்து கீழாகத்தான் வெட்டுவார்களாம். மழை அந்த வழியே மண்ணையும் கூட்டிக்கொண்டு இறங்கும். இந்தத் தை மாத மழையில் மேல் பாத்தியில், வீட்டுக்கு நேரே மேலே, நிலம் வெடித்திருக்கிறது.

"ஊர்த் தலைவர் எல்லாரையும் பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொல்லுறாராம். வார்த்தோ மாட்டனெண்டு நிக்கிறார். கிழங்குக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கு. நான் சொன்னால் கேப்பார். என்ன சொல்ல, அக்கா?"

நானும் வயல்காரன் பிள்ளைதானே, வாய் சும்மா கிடக்குமா? "விளைஞ்சு நிக்கிறதை விட்டிட்டு ஆராவது போவினமோ?" என்றேன். அப்பரின் கதையையும் எடுத்துவிட்டேன். தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையில் மன்னாரில் ஊரே கிளம்பியபோது, வெட்டாமல் வயலைவிட்டு வரமாட்டேன் என்று நின்ற மனுசன். பத்தாம் நாள் பதினொரு மூட்டை நெல்லோடு மடு மாதா கோயிலுக்கு வந்து சேர்ந்தார். அகதியாய்க் கிடந்த எங்களுக்கு மாதக்கணக்காய்க் கஞ்சி ஊற்றியது அந்த நெல்தான். "அது இல்லாட்டி நான் இண்டைக்கு உன்னோடை நிண்டு கிழங்கு தோண்டேலாது" என்றேன். சுமியாத்தி சிரித்தாள். இடைவேளையில் போன் எடுத்து, நிற்கச் சொல்லிவிட்டு வந்தாள்.

புதன்கிழமை அவள் என் முன்னாலேயே போனில் கதைத்தாள். வார்த்தோ அங்கே சொல்லச் சொல்ல இவளுடைய வெறுங்கை இங்கே அளந்தது. ஒரு சாண். நேற்றிலிருந்து வீட்டுக் கதவு பூட்டுப்படுகுதில்லையாம், நிலை கோணிவிட்டதாம். கிணற்றுத் தண்ணீர் பால் தேத்தண்ணி நிறத்தில் வருகிறதாம். "இன்னும் பத்து நாள்தானே" என்று அவள் என்னைப் பார்த்தாள். நான் குனிந்து கண் தோண்டிக்கொண்டிருந்தேன்.

பின்னேரம் வீட்டில் என் புருசன் பேனாட்டிடம் நடந்ததைச் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்த மனுசன் கையை எடுத்துவிட்டார்.

"கொறற்றி, டெனிஸ்டனைப் பற்றிச் சொன்னனீரோ?"

சொல்லவில்லை. அப்பரோடு வயலில் நின்றவன் என் தம்பி டெனிஸ்டன். இருபத்திரண்டு வயது. மூட்டைகள் பதினொன்றும் வந்தன, அவன் வரவில்லை. எங்கள் வீட்டில் அந்தக் கதையை எப்போதும் நெல்லோடு முடித்துவிடுவோம். அம்மா இருக்குமட்டும் அப்படித்தான். பிறகு அதுவே பழகிப்போயிற்று. திங்கட்கிழமை சொன்னபோதும் ஒன்று விடுபட்டது எனக்கே தெரியவில்லை. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். என் வாயால் கெடப்போவது நானில்லை. எனக்கு என்மேல் வந்த ஆத்திரத்தில் சோற்றைத் தள்ளிவிட்டு எழும்பினேன். சுமியாத்தியின் நம்பருக்கு மூன்று தரம் அடித்தேன். போன் நிறுத்தியிருந்தது.

வியாழக்கிழமை ஏப்ரன் கட்ட முன்னமே சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கத்தியைக் கழுவிக்கொண்டே கேட்டாள்.

"திங்கட்கிழமை ஏன் சொல்லேல்லை, அக்கா?"

"தெரியேல்லை, பிள்ளை. இப்ப எடு. உடனை வெளிக்கிடச் சொல்லு."

அங்கே அப்போது மத்தியானம். குசினிக்குள் சத்தம் என்று போனையும் எடுத்துக்கொண்டு, லொறி வருகிற முற்றத்துக்குப் போனாள். ஷெஃப் வந்து கிழங்கு எங்கே என்று கேட்டார். கண் தோண்டாததையும் சேர்த்துத் தள்ளிக் கொடுத்தேன்.

கதவுக் கண்ணாடியால் பார்த்தேன். முதுகு எனக்கு. கன நேரம் போனைக் காதில் வைத்தபடி அசையாமல் நின்றாள். பிறகு யாரோ எடுத்திருக்க வேண்டும், தலை நிமிர்ந்தது. அங்கே சொல்வதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். ஜக்கெற்றும் போடாமல் போயிருந்தாள், பனி தூறிக்கொண்டிருந்தது. புதன்கிழமை ஒரு சாண் அளந்த அவளுடைய மற்றக் கை உடம்பைவிட்டு மெல்ல விலகி, விரல்கள் விரிந்து, பக்கவாட்டில் நீண்டுகொண்டே போய், அதற்கு மேல் நீள இடமில்லாமல் அப்படியே நின்றது.