புல்லுக்கு நோகாத டயர்

பிரெஞ்சு நாட்டில், தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் காய்கறிக் கடை வைத்திருக்கும் வாமதேவன், அன்று வந்த முருங்கைக்காய்ப் பெட்டியைப் பிரிக்காமலே கைபேசியில் டயர் பார்த்துக்கொண்டிருந்தார். காருக்கு அல்ல, புறநகரான ஆர்ஜொந்தெயில் அவர் வீட்டில் நிற்கும் சின்னத் தோட்ட டிராக்டருக்கு. புல் வெட்ட வாங்கிய பழைய வண்டி அது. முன்னால் ஒரு தகட்டைப் பூட்டினால் பனியையும் தள்ளும்.

அவருடைய தெரு ஒரு மேடு. மேட்டின் உச்சி வீட்டில் ஜெனவியேவ் என்ற புதுச்சேரி அம்மா தனியாக இருக்கிறார். தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சிறுநீரகம் பழுதானதால் வாரத்தில் மூன்று நாள் மருத்துவமனைக்குப் போய் இரத்தம் சுத்தம் செய்துகொள்ள வேண்டும். அதற்கென்று ஒரு வண்டி வாசலுக்கே வந்து ஏற்றிப்போகும். போன குளிர்காலத்தில் பனி கொட்டிய ஒரு காலை, அந்த வண்டி ஏற முடியாமல் திரும்பிவிட்டது. வழி திறந்துவிடப் போன வாமதேவனின் டிராக்டரும் பாதி மேட்டில் நின்றபடி சக்கரத்தைச் சுழற்றியது. மறுநாள் ஜெனவியேவின் வீங்கிய முகத்தைப் பார்த்ததிலிருந்து அவருக்கு மனம் ஆறவில்லை.

வண்டி திருத்தும் கராஜ் வைத்திருக்கும் அரியரத்தினம் தேங்காய் வாங்க வந்தவர், கைபேசியை எட்டிப் பார்த்தார்.

"அண்ணை, இந்தப் பல்லு வைச்ச ரயரைப் போடுங்கோ. பனியைக் கடிச்சுக்கொண்டு ஏறும்."

பல் வைத்த டயர் வயல் உழுகிற வண்டியுடையதைப் போல முரடாக இருந்தது. பக்கத்தில் இன்னொன்று, புல்தரைக்கென்றே செய்த தட்டையான டயர். வாமதேவனின் கண் அதிலேயே நின்றது. மேட்டின் உச்சியில் வண்டியைத் திருப்ப வேண்டுமென்றால் ஜெனவியேவின் புல்தரையில்தான் ஏறியாக வேண்டும். கத்தரிக்கோலால் ஓரம் வெட்டி அவர் வளர்க்கிற புல் அது. பல் பட்டால் கிழிந்துபோகும்.

"அவவைக் கேட்டியளோ?" என்றாள் கல்லாவிலிருந்த மனைவி கோசலை.

"எப்பிடிக் கேக்கிறது? உங்கடை புல்லைக் கிழிக்கட்டோ எண்டோ?"

"அப்ப ரயருக்குச் செருப்புப் போட்டுவிடுங்கோ."

வாங்க வந்தவர்களும் சும்மா இருக்கவில்லை. டிராக்டரின் பின்னால் அரிசி மூட்டையை ஏற்றினால் சக்கரம் வழுக்காது என்றார் ஒருவர். சாப்பிடுகிற அரிசி சேற்றில் சவாரி போக வேண்டாம் என்று கோசலை மறுத்துவிட்டாள். கடைசியில் புல்லுக்கு நோகாத டயரே வந்து சேர்ந்தது. அரியரத்தினம் தலையை ஆட்டிக்கொண்டே அதைப் பூட்டி, கொஞ்சமாவது பிடிக்கட்டும் என்று காற்றைச் சற்றுக் குறைத்துவிட்டார்.

தைப்பொங்கல் கழிந்து பனி விழுந்தது. அன்று ஜெனவியேவ் மருத்துவமனைக்குப் போக வேண்டிய நாள். வாமதேவன் விடியலில் டிராக்டரை எடுத்தார். பாதி மேடு வரை ஒழுங்காக ஏறிய வண்டி, சரிவு கூடிய இடத்தில் பழையபடி வழுக்கியது. கீழே மருத்துவமனை வண்டியோடு ஓட்டுநர் ஜோனத்தான் நின்றான். வேறு நோயாளிகளும் காத்திருப்பதால் அதிக நேரம் நிற்க முடியாது என்று மன்னிப்புக் கேட்பதுபோலச் சொன்னான்.

அப்போது ஜெனவியேவே வெளியே வந்து, பாதி மேடு வரை சரிந்து கிடந்த தன் புல்தரை வழியாக மெல்ல இறங்கினார். ஒரு கையில் ஊன்றுகோல், மறு கையில் கணப்புச் சாம்பல் நிறைந்த பாத்திரம். தெருவில் ஏன் மல்லுக்கட்டுகிறீர்கள், என் புல்தரைப் பக்கம் சரிவு குறைவுதானே என்று கேட்டார்.

"புல்லுப் பழுதாப் போயிடும், மதாம். அதுக்காகத்தான் இந்த ரயரையே வாங்கினனான்."

ஜெனவியேவ் டயரைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார்.

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, முசியே. புல்லு திரும்ப முளைக்கும். நான் முளைப்பேனா?"

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். சக்கரங்களுக்கு முன்னால் சாம்பலைத் தூவத் தொடங்கினார்.

"நாங்க சாம்பல் புதன்ல வருஷத்துக்கு ஒரு தரம் நெத்தியில பூசறோம், நீங்க தினம் திருநீறு பூசறீங்க. இன்னிக்கு டிராக்டருக்கும் பூசிடுவோம்."

சாம்பலில் சக்கரம் பிடித்தது. வண்டி புல்தரை வழியாக உச்சிக்கு ஏறி, பனியை ஒதுக்கிக்கொண்டு தெருவால் இறங்கியது. அதே வழியில் ஜோனத்தானின் வண்டி ஏறிப் போனது. அவரை ஏற்றிக்கொண்டு இறங்கி வரும்போது பின்னிருக்கையிலிருந்து ஜெனவியேவ் ஊர்வலம் போகிறவரைப் போலக் கையசைத்தார். வாமதேவன் சேறும் சாம்பலுமாய்க் கிடந்த புல்தரையை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். ஒருவர் மனம் நோகக் கூடாதென்று கேட்காமல் விடுகிறோம். அவரும் நமக்குக் கொடுக்க ஆசைப்படுவார் என்பது அந்தக் கூச்சத்தில் மறந்துபோகிறது. கடவுள் கொடுக்கவும் வாங்கவும் இரண்டு பக்கமும் கை வைத்துத்தான் மனிதரைப் படைத்திருக்கிறார்.

வசந்தத்தில் ஜெனவியேவ் கறிவேப்பிலை வாங்க லா சப்பலுக்கு வந்தார். டிராக்டர் போன தடத்தில் புல் முளைத்துவிட்ட செய்தியை முதலில் சொன்னார். கோசலை கறிவேப்பிலையை நிறுக்காமலே அவருடைய பையில் வைத்தாள்.

"அந்த டயரெல்லாம் காட்டுங்க, முசியே. இந்தத் தரம் நான்தான் எடுப்பேன்."

வாமதேவன் கைபேசியை நீட்டினார். ஜெனவியேவ் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்து, எல்லாவற்றிலும் முரடான ஒன்றில் விரலை வைத்தார்.

"இதுதான். பல்லு என்னுதைவிட நல்லா இருக்கு."