நீலப் புள்ளித் தட்டு

கொழும்புக் கொட்டாஞ்சேனையில் ஒரு வீட்டுக்குச் சாப்பிடப் போனவர் அந்த வீட்டுச் சமையலில் குறை சொன்னதாக இதுவரை யாரும் கேள்விப்பட்டதில்லை. அங்கேயே பிறந்து வளர்ந்த ஷெரோமிக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை தேவாலயப் பூசை முடிந்த கையோடு அக்கம்பக்கத்தாரை வீட்டுக்குக் கூப்பிட்டபோது அது மறந்தே போயிற்று. அவள் தலைக்குள் அப்போது கோழிகள் மட்டும்தான் இருந்தன.

ஷெரோமி ஒரு கோழித்தீவன நிறுவனத்தில் ஆராய்ச்சி செய்கிறவள். தயிரை உறைய வைக்கும் கிருமிகளுக்குச் சொந்தக்காரக் கிருமிகளைத் தூளாக்கித் தீவனத்தில் கலந்தாள். அவை கோழியின் குடலில் குடியேறிவிட்டால் கெட்ட கிருமிகளுக்கு அங்கே இடம் கிடைக்காது. வழக்கமாகக் கலக்கும் மருந்தும் தேவையில்லை. கோழிகள் கொழுகொழுவென்று வளர்ந்தன. இறைச்சியும் மிருதுவாக இருக்கும் என்று அவள் அடித்துச் சொன்னாள். மேனேஜர்தான் மசியவில்லை.

"ஒஃபிஸ் ஆக்கள் உங்களுக்காக நல்லமெண்டுதான் சொல்லுவாங்க. வெளி ஆக்களுக்குக் குடுத்துப் பாருங்க. அவங்களுக்கு வித்தியாசம் தெரியாட்டி, பழைய தீவனமே போதும்" என்றுவிட்டார். அத்தனை நாள் உழைப்பும் ஒரு சாப்பாட்டில் வந்து நின்றது.

உப்புக்கூடப் போடாமல் அவித்த இறைச்சி. ஆளுக்கு இரண்டு தட்டு. ஒன்றில் சிவப்புப் புள்ளி, மற்றதில் நீலம். எந்தப் புள்ளி எந்தக் கோழி என்பது அவளோடு வேலை செய்யும் மஷூருக்கு மட்டுமே தெரியும். துறைமுகத்தில் வேலைபார்த்து ஓய்வுபெற்ற றேமண்ட் அங்கிள், எதிர்வீட்டு மேபல் அன்ரி, மாடியில் குடியிருக்கும் ஸவாஹிர் நானா, இன்னும் நாலைந்து பேர் பரீட்சைக்கு வந்த பிள்ளைகளைப் போல வாய் திறக்காமல் மென்றார்கள். பிறகு மதிப்பெண் போட்டார்கள். எல்லாரும், இரண்டு தட்டுக்கும், பத்துக்குப் பத்து!

"என்ன அங்கிள் இது? ரெண்டுக்கும் பத்தா?"

"பின்ன? உன்ட வேலை விஷயமெண்டு சொன்னது நீதானே. குறைச்சுப் போட எங்களுக்கென்ன விசரா?" என்றார் றேமண்ட் அங்கிள்.

"ரெண்டும் நல்லா ஈக்கிது புள்ள" என்றார் ஸவாஹிர் நானா, இன்னொரு கிளாஸ் தண்ணீரை மடமடவென்று குடித்துவிட்டு.

ஷெரோமி குசினிக்குள் போய்க் கண்ணைக் கசக்கினாள். இவ்வளவு நல்ல சனங்களை வைத்துக்கொண்டு என்னதான் செய்வது? தட்டுகளைக் கழுவ எடுத்து வந்த அவளுடைய கணவன் கிளைவ் ஒரு டிஷ்யூவைத் தூக்கிப் பார்த்தான். பிறகு இன்னொன்றை.

"இஞ்ச பாரும். சிவப்புத் தட்டெல்லாம் துடைச்ச மாதிரி இருக்கு. நீலத்தில எல்லாரும் பாதியை டிஷ்யூக்குக் கீழ ஒளிச்சு வச்சிருக்கினம். மேபல் அன்ரி மட்டும்தான் நீலத்தையும் முடிச்சிருக்கிறா."

ஷெரோமி வாசலுக்கு ஓடினாள். மேபல் அன்ரி கைப்பையை நெஞ்சோடு அணைத்தபடி படியிறங்கிக்கொண்டிருந்தார்.

"அன்ரி, பேக்குக்குள்ள என்ன?"

அன்ரியின் முகம் சிவந்தது. "பூனைக்கு எடுத்தனான் மகள். சக்கை மாதிரி, தொண்டையால இறங்கேல்ல. உனக்கு மனசு நோகுமெண்டு சொல்லேல்ல."

"தாங்க அன்ரி, நிறுக்க வேணும்!"

ஆனால் சக்கை எந்தக் கோழி? நீலம் தன்னுடையதாக இருந்துவிட்டால்? படியில் நின்றபடியே மஷூருக்கு அழைப்பெடுத்தாள்.

"நீலமா? அது பழைய தீவனம். சிவப்புத்தான் உங்கட கோழி" என்றான் மஷூர்.

அவள் போட்ட கூச்சலில் மாடி ஜன்னலெல்லாம் திறந்தது. மிச்சங்களை ஒவ்வொரு தட்டாக நிறுத்து, அந்தக் கணக்கையே மேனேஜருக்கு அனுப்பினாள். "இந்தக் கணக்குக்குப் பொய் சொல்லத் தெரியாதுதான். அடுத்த தொகுதிக் கோழிகளுக்கும் உங்கட தூளையே போடுங்க" என்று பதில் வந்தது. அவளுக்கு ஆனந்தம் தாங்கவில்லை.

அன்று பின்னேரம் மேபல் அன்ரி கதவைத் தட்டினார். நிறுத்து முடிந்ததும் திருப்பிக் கேட்டு வாங்கிப் போன பொட்டலம் அப்படியே அவர் கையில் இருந்தது.

"மகள், பூனையும் மணந்து பாத்துப்போட்டுப் போயிட்டுது. சிவப்பில ஏதும் மிச்சமிருக்கே?"